இறக்கைக்கு அரை அடி

விமானத்தின் வால் கொட்டகைக்குள் போய்விட்டது. இறக்கை வாசலில் நின்றுகொண்டது.

ஜெயசிங் இறக்கையைத் தாங்கும் சாய்வுத் தண்டில் தோளைக் கொடுத்து இன்னொரு தடவை தள்ளினார். இடது தூணில் 'டொக்' என்று சத்தம். முன்னால் இழுத்து, மூக்குச் சக்கரத்தைக் கொஞ்சம் ஒடித்து மறுபடி தள்ளினார். இப்போது வலது தூணில் சத்தம். நேர் நடுவில் நிறுத்தித் தள்ளினார். இரண்டு தூணிலும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறப் பார்க்கிற ஆள் மாதிரி விமானம் நின்றது.

"எடே ஜெயசிங்கே," என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கருணாகரன் கூப்பிட்டார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் படித்து முடித்தால் அன்றைய வேலை முடிந்தது. "பிளேனுக்கு விசா கிட்டல்லியா?"

ஜெயசிங் டேப்பை எடுத்து வாசலை அளந்தார். இருபத்தாறரை அடி. டேப்பை உதறிவிட்டு மறுபடி அளந்தார். இருபத்தாறரை அடிதான். இறக்கை இருபத்தேழு. அவர் வைக்கச் சொன்னது இருபத்தெட்டு.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இன்றோ நாளையோ இறங்கும். மழை இறங்குவதற்குள் விமானமும் காரும் ஒரே கூரைக்குக் கீழே நின்றாக வேண்டும். இல்லையென்றால் விமானம் ஓட்டல்காரர் ராஜையாவுக்கு. அதுதான் மனைவி சத்தியபாய் சொல்லியிருந்தது.

ஜெயசிங் ஷார்ஜாவில் ஒரு பறக்கும் கிளப்பில் இருபத்துநாலு வருஷம் இருந்தவர். ஓட்டுகிற ஆள் இல்லை, பழுது பார்க்கிற ஆளும் இல்லை. ஹாங்கர் என்று சொல்லும் பெரிய கொட்டகையில் விமானங்களை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும் அவர் வேலை. ஆறு விமானம் கொள்ளும் கொட்டகையில் ஒன்பது விமானத்தை நிறுத்திக் காட்டுவார். ஒன்றின் இறக்கைக்குக் கீழே இன்னொன்றின் வால், அந்த வாலுக்குப் பக்கத்தில் மூன்றாவதின் மூக்கு. ஒரு கீறல் விழாது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அவர் தோளில் தட்டிவிட்டு ஏறிப் பறந்து போவார்கள். திரும்பி வந்ததும் மறுபடி அவர் தள்ள வேண்டும்.

கேரள எல்லையோரத்துச் சொந்த ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பக்கம் மூடிப்போன ஒரு கிளப்பில் இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்று தூசியடைந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். லாரியில் உடம்பு ஒரு பக்கம், இறக்கைகள் ஒரு பக்கம். களியக்காவிளை செக்போஸ்டில் நின்ற ஆள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறிப் பறந்தே போயிருக்கலாமே" என்று கேட்டான். வழியில் கேட்ட முதல் கேலி அது. கடைசிக் கேலி இன்னும் வரவில்லை.

இரண்டு வருஷம் தார்ப்பாய்க்குக் கீழே வைத்து அதைச் சரி செய்தார். இறக்கை மாட்டினார், துணி ஒட்டினார், வெள்ளையும் நீலமும் பூசினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எஞ்சினை ஓட விடுவார். காற்றாடி சுற்றும். சத்தியபாயின் கோழிகள் நாலு திசையும் ஓடும். ஆலயத்து வாசலில் யாராவது "எப்ப பறக்கும்?" என்று கேட்டால், "அனுமதிப் பேப்பர் வரட்டும்" என்பார்.

சத்தியபாய் பஞ்சாயத்தின் வீட்டுச் சிகிச்சை நர்ஸ். வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டுவது, டியூப் மாற்றுவது, வலிக்கு மருந்து கொடுப்பது. எந்த நேரத்திலும் போன் வரும். இதற்காகவே ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் படித்து, சின்னச் சிவப்புக் கார் ஒன்று வாங்கினாள். வாங்கிய மாதத்திலேயே பானெட்டில் தேங்காய் விழுந்தது. நிறுத்த வேறு இடம் இல்லை. நிழல் உள்ள இடத்தில் எல்லாம் தென்னை, தென்னை இல்லாத இடத்தில் விமானம்.

அவளுடைய அப்பா கொடுத்த நிலத்தில் ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கும் பழைய கொட்டகை ஒன்று நின்றது. அதை இடித்துப் பெரிதாக்கிக் கட்ட அவள் சம்மதித்தாள். ஆனால் சொல்லிவிட்டாள்.

"இஞ்ச பாருங்க ஷாலுக்கப்பா. எனக்க காரும் உள்ள நிக்கணும். நான் தனியா ஏறணும், தனியா இறங்கணும். வண்டிய எடுக்க உங்கள விளிச்சு எழுப்பிட்டு நிக்க என்னால முடியாது. மழைக்கு முன்னால இது நடக்கல்லன்னா ராஜையாவுக்கு போன் போட்டிருவேன்."

ராஜையா காரோடு என்ற ஊரில் பைபாஸ் ஓரம் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தவர். விமானத்தைத் தூக்கி ஓட்டலின் மொட்டை மாடியில் வைத்து, வயிற்றில் ஒரு கம்பியை ஊன்றி, இறக்கை நெடுக சீரியல் பல்பு போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது தடவை வரும்போது கம்பியின் கனம் எவ்வளவு வேண்டும் என்று விசாரித்தார்.

"ஒன்பது பிளேன நிறுத்தின எனக்கு ஒரு பிளேனும் ஒரு காரும் பெரிய காரியமா?" என்று ஜெயசிங் அன்றைக்குச் சிரித்தார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பொன்னப்பன் ஆசாரிக்கு போன் செய்தார்.

பொன்னப்பன் முன்பு மர வேலை செய்தவர். இப்போது இரும்பில் கூரை போடுகிறார், தூண் நாட்டுகிறார், தள்ளுகதவு தொங்க விடுகிறார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கும் விமானத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"இருபத்தெட்டு அடி நான் சொன்னேனா இல்லியா?" என்றார் ஜெயசிங்.

"சொன்னீங்க அண்ணே."

"பின்ன?"

"இருபத்தெட்டு வச்சா சுற்றளவு மரணத்துல போய் நிக்குது. அதனால இந்தப் பக்கம் ஒரு சாணும் அந்தப் பக்கம் ஒரு சாணும் உள்ள இறக்கினேன். இப்ப யௌவனமாக்கும். ஒண்ணாந்தரம் யௌவனம்."

ஜெயசிங்குக்குத் தெரியாத விஷயம் இல்லை. இந்தப் பக்கத்து ஆசாரிமார் வீட்டுக்கும் வாசலுக்கும் சுற்றளவைக் கணக்குப் பண்ணி அதற்கு ஒரு வயசு சொல்வார்கள். பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்கியம் என்கிற முதுமை, மரணம். மரணத்தில் வரும் அளவை யாரும் வைக்க மாட்டார்கள். அவர்களுடைய வீடு கட்டும்போது இதே பொன்னப்பன் கணக்கோடு வந்து நின்றார். சத்தியபாய்தான் வெளியே வந்து, "நாங்க இதொண்ணும் பாக்கிறதில்ல, ஆசாரியே. வேதத்துல இல்ல" என்று திருப்பி அனுப்பினாள். ஆலயத்துப் பெண்கள் சங்கத்தின் செயலாளர் அவள். வேறு எப்படிச் சொல்வாள்?

"ஷெட்டுக்கு என்னவே யௌவனமும் கிழடும்?" என்று ஜெயசிங் கத்தினார். "உள்ள நிக்கிறது பிளேன். அதுக்கு மரணமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

"பிளேனுக்கு இல்ல. அதுல ஏறுற ஆளுக்கு உண்டுல்லா."

"நான் கிறிஸ்தியானியாக்கும்."

"அளவு ஜாதிமதம் பாக்காது அண்ணே."

"யாரைக் கேட்டு மாத்தினீரு?"

பொன்னப்பன் கூரையின் இரும்புச் சட்டத்தைப் பார்த்தார். வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். "கேட்டுட்டுதான் செய்தது," என்றார்.

பொய் என்று ஜெயசிங் நினைத்தார். தூண் நாட்டிய வாரம் அவர் பெங்களூரில் மகள் ஷாலுவின் வீட்டில் இருந்தார். அந்த ஒரு வாரம் ஊரில் இல்லாமல் போனதற்குத் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டார். தூணைப் பிடுங்கி மறுபடி நாட்டலாம். கான்கிரீட் உடைக்க வேண்டும், கதவைக் கழற்ற வேண்டும், புதுக் கான்கிரீட் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மழை காத்திருக்காது. சத்தியபாயும் காத்திருக்க மாட்டாள்.

இறக்கையைக் கழற்றி உள்ளே வைக்கலாம் என்றார் பொன்னப்பன். ஜெயசிங் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

கடைசியில் ஜெயசிங்கே வழி கண்டார். கட்டிலை வாசலில் நுழைப்பது போல ஒரு கோடியை முதலில் விட்டு மறு கோடியைப் பின்னால் வாங்க வேண்டும். விமானம் முன்னும் பின்னும் உருளும், பக்கவாட்டில் உருளாது. ஷார்ஜாவில் இதற்குச் சக்கரப் பலகைகள் உண்டு. இங்கே வாழை உண்டு. குலை வெட்டின வாழைகள் பின்பக்கம் நின்றன. வாழைத்தடை என்று சொல்லும் அடிமரத்தை வெட்டி, நெடுக்காகப் பிளந்து, வழுவழுப்பான உள்பக்கம் சிமெண்டில் படும்படி மூன்று சக்கரத்துக்கும் கீழே கொடுத்தார். பொன்னப்பன் வாலைப் பிடித்தார். கருணாகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதில் ஏறிக் குதித்தார். குதித்தபின், பக்கத்திலேயே கேட் திறந்து கிடப்பதைப் பார்த்தார்.

"நல்லா பிடியுங்க. தண்டுல பிடியுங்க. துணியில கை வைக்காதீங்க."

"எடே, நாப்பது வருஷம் பஸ்ஸில ஆளைத் தள்ளி ஏத்தினவனாக்கும் நான். ஒரு பிளேனத் தள்ளத் தெரியாதா?"

"அது ஆளு. இது ஒடஞ்சா கிட்டாது."

வழுக்கியது, நின்றது, சறுக்கியது. கருணாகரன் இரண்டு தடவை விழுந்தார். ஒரு இறக்கை உள்ளே போயிற்று. வால் திரும்பியது. பொன்னப்பன் ரப்பர் ஷீட் மெஷினில் முட்டியை இடித்துக்கொண்டு மலையாளத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த மெஷின் பின்சுவரின் இடது மூலையில் சிமெண்டில் ஊன்றியது. சத்தியபாயின் அப்பா ஊன்றினார். அதை எடுக்கக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு கண்டிஷன். மதியத்துக்குள் மறு இறக்கையும் தூணைத் தாண்டியது. விமானத்தை வலது சுவரோடு, ஒரு கையகலம் விட்டு, ஒதுக்கி நிறுத்தினார்கள். உள்ளே நுழையும்போது இடது பக்கம் வரும் இறக்கைக்குக் கீழே கார் நிற்க இடம் கிடைத்தது. மூன்று பேருடைய உடம்பிலும் வாழைக்கறை.

"ஒரு கீறல் உண்டா பாருங்க," என்றார் ஜெயசிங். ஒரு கீறல் இல்லை. காலையிலிருந்து அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

கார் நிற்கும் இடத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அதை ஒரு வாரம் முன்பே முடித்திருந்தார். தரையில் சாக்பீஸால் காரை உள்ளது உள்ளபடி வரைந்தார். சக்கரம், கதவு, கதவு திறக்கும் வளைவு, விமானம் வந்தால் தண்டு எங்கே வரும் என்பது, எல்லாம். கோட்டுக் காருக்குள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இல்லாத கதவைத் திறந்தார். இறங்கினார். மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். தாராளமாக இடம் இருந்தது.

சாயங்காலம் சத்தியபாய் வேலை முடிந்து வந்தாள். கொட்டகை வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்ளே பார்த்தாள். ஜெயசிங் உள்ளே நின்று இரண்டு கையையும் தூக்கி, ஷார்ஜாவில் விமானத்துக்குக் காட்டுவது போல வழி காட்டினார். கார் மெல்ல வந்து இறக்கைக்குக் கீழே நுழைந்தது. காரின் கூரைக்கும் இறக்கைக்கும் நடுவில் ஒரு முழம் மிச்சம். பம்பர் ரப்பர் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றது. பின்பக்கம் கொட்டகைக் கதவு சாத்தும் அளவுக்கு உள்ளே வந்துவிட்டது. சாக்பீஸ் கோட்டுக்குள் கார் கச்சிதமாக உட்கார்ந்தது.

"எப்படி?" என்றார் ஜெயசிங்.

சத்தியபாய் எஞ்சினை அணைத்துக் கதவைத் திறந்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. 'ணங்' என்று தண்டில் இடித்து நின்றது.

"மெல்ல! பெயிண்டு!"

"உங்களுக்க பெயிண்டா, எனக்க பெயிண்டா?"

அவள் கதவைச் சாத்தி மறுபடி திறந்தாள். ஒரு சாண்தான். அந்த இடுக்கில் ஒரு கை போகும், ஒரு ஆள் போக முடியாது. ஜெயசிங் குனிந்து தண்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். எல்லாம் அந்தந்த இடத்தில்தான் இருந்தன.

"கொஞ்சம் முன்னால எடு."

"முன்னால மெஷின்."

"அப்ப பின்னால."

"பின்னால போனா டிக்கி மழையில நிக்கும்." அவள் அந்த இடுக்கு வழியே அவரைப் பார்த்தாள். "நீங்க அளந்தீங்கல்லா?"

"உக்காந்தே பாத்தேன். நாற்காலி போட்டு ஏறி இறங்கிப் பாத்தேன்."

"நாற்காலிய எங்க போட்டீங்க?"

ஜெயசிங் காருக்கு அந்தப் பக்கம் போய், சுவரோரம் நின்று, இடது பக்கத்து முன் இருக்கையைக் காட்டினார். காட்டிய விரல் அங்கேயே நின்றது. அந்த இருக்கையில் அவளுடைய மருந்துப் பை இருந்தது. ஸ்டியரிங் இல்லை. இருபத்துநாலு வருஷம், விமானத்தை இழுக்கும், ஸ்டியரிங் இடது பக்கம் உள்ள வண்டியில் இடது பக்கம் ஏறி இடது பக்கம் இறங்கினவர். ஊரில் அவருக்கு ஸ்கூட்டர்தான்.

"இது ஷார்ஜா இல்ல, ஷாலுக்கப்பா," என்றாள் சத்தியபாய்.

தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. பிறகு எல்லாத் துளியும் சேர்ந்து விழுந்தன. காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டால் அவளுடைய கதவு சுவர்ப்பக்கம் வரும்; ஆனால் இறக்கைக்கும் மெஷினுக்கும் நடுவில் ரிவர்ஸில் நுழைய அவள் இன்னும் படிக்கவில்லை. காரை அந்தப் பக்கம் மாற்றி நிறுத்தினாலும் சரியாகிவிடும். அதற்கு விமானத்தை இந்தச் சுவருக்கு நகர்த்த வேண்டும். அதற்கு முதலில் வெளியே எடுக்க வேண்டும். மறுபடி வாழை, மறுபடி பொன்னப்பன், மறுபடி கருணாகரன். இந்த மழையில்.

சத்தியபாய் பையிலிருந்து போனை எடுத்தாள். "ராஜையாவுக்க நம்பர் இதுலதான் இருக்கு."

ஜெயசிங்குக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "எல்லாம் அந்த ஆசாரி செய்த வேல. தூணு இருபத்தெட்டுல நின்னிருந்தா காரை இன்னும் சுவரோட ஒதுக்கியிருப்பேன். பிளேன நேரா தள்ளியிருப்பேன். அவனுக்க ஒரு யௌவனம்! அவனை நாளைக்குக் கூப்பிட்டு வச்சு—"

"அவரைத் திட்டாதீங்க."

"திட்டாம?"

"நான் சொல்லித்தான் செய்தாரு."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் கார்க் கண்ணாடி அருகே குனிந்தார். அவள் கையை நீட்டி இடது பக்கக் கண்ணாடியை இறக்கினாள். அவரைப் பார்க்காமல் முன்னால் ரப்பர் மெஷினைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க பெங்களூருல இருந்தப்ப வந்தாரு. இருபத்தெட்டு வச்சா மரணம்னு சொன்னாரு. நாங்க பாக்கிறதில்லன்னுதான் முதல்ல சொன்னேன். செரி சிஸ்டரேன்னுட்டு கேட் வரை போனாரு. நான்தான் திருப்பி விளிச்சேன்."

"நீயா?"

"ஜெபம் பண்ணினேன். பண்ணியும் பயம் போகல்ல. நான் நாள் முழுக்க சாகக் கிடக்கிறவங்களப் பாத்துட்டு வாறேன். வீட்டுலயும் ஒரு மரணத்த வாசல்ல நட்டு வைக்கச் சொல்லுதீங்களா? பேப்பர் வந்தா நீங்க அதுல ஏறிப் பறப்பீங்க. தடுத்தா நிக்க மாட்டீங்க. வாசலாவது நல்லதா இருக்கட்டும்னு நினச்சேன்."

ஜெயசிங் இறக்கையைப் பார்த்தார். வெள்ளையில் நீலக் கோடு. கோடு நேராக வருவதற்கு மூன்று தடவை சுரண்டிப் பூசினது. 'மூடநம்பிக்கை' என்று ஒரு வார்த்தை நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் போன் போடுவாள். சொல்லாவிட்டாலும் போடுவாள். போடாமல் இருக்க ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. இரண்டு வருஷமாக அதை அவர் தனக்குள்ளேகூடச் சத்தமாகச் சொல்லியதில்லை.

"அது பறக்காது, சத்தியா."

"பேப்பர் வந்தா?"

"பேப்பருக்கு எழுதவே இல்ல. அதுக்க பதிவு எப்பவோ போயாச்சு. எனக்கு ஓட்டவும் தெரியாது. இனி இந்த வயசுல கண்ணக் காட்டினா லைசென்சும் தர மாட்டானுவ. வாங்கும்போதே தெரியும்."

அவள் இப்போது திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சங்கத்துல ஒவ்வொரு கூட்டத்துலயும் ஜெபக்குறிப்பு குடுத்தேன்," என்றாள். "விமானத்துல போகப்போற சகோதரன் ஜெயசிங்கைக் கர்த்தர் காக்கணும்னு. எல்லா பெண்ணுங்களும் முட்டு போட்டு ஜெபிச்சது. ரெண்டு வருஷம். இனி வெள்ளிக்கிழம நான் போய் என்னத்தைச் சொல்ல?"

ஜெயசிங் சாக்பீஸ் கோட்டைக் காலால் தேய்த்தார்.

அவள் போனில் ஒரு நம்பரைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். ஜெயசிங் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். மணி அடித்தது. எடுத்தது ராஜையா இல்லை.

"ஆசாரியே, நான் சத்தியபாயாக்கும். மழை விட்டதும் வந்து தூணைப் பழைய அளவுக்கே நாட்டணும். இருபத்தெட்டு."

"சிஸ்டரே, அது மரணமாக்கும்."

"இருக்கட்டும். அது பறக்காதாம்."

போனிலும் மழைச் சத்தம் கேட்டது. பொன்னப்பன் வீட்டிலும் அதே மழை.

"பறக்காதா?" என்றார் பொன்னப்பன். "அப்ப அது வெறும் ஷெட்டுல்லா. வெறும் ஷெட்டுக்கு என்னத்துக்கு அளவு? முதல்லயே சொல்லியிருந்தா அண்ணன் கேட்ட அளவுல நட்டிருப்பனே. எனக்க முட்டியும் தப்பிச்சிருக்கும்."

சத்தியபாய் போனை வைத்தாள். மருந்துப் பையைப் பின் இருக்கைக்குத் தள்ளிவிட்டு, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கியர் கம்பியைத் தாண்டி இடது இருக்கைக்கு வந்தாள். முந்தானை கம்பியில் மாட்டியது. ஜெயசிங் கதவைத் திறந்து விடுவித்தார். அவள் அவர் கையைத் தட்டிவிடவில்லை, பிடிக்கவும் இல்லை. இறங்கி, பின் இருக்கையிலிருந்து பையை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் கருணாகரன் குடையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வாழைக்கறை பட்ட வேட்டியை இன்னும் மாற்றவில்லை.

"அது பறக்காதா ஜெயசிங்கே?" என்றார்.

"இல்ல."

ஏதாவது கேலி வரும் என்று ஜெயசிங் காத்திருந்தார். கருணாகரன் விமானத்தை மூக்கிலிருந்து வால் வரை ஒரு தடவை பார்த்தார். குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். இந்தத் தடவை கேட் வழியாகப் போனார்.

ஜெயசிங் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்தார். காருக்கும் விமானத்துக்கும் நடுவில், தண்டுக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். சக்கரத்துக்கு அடியில் ஒரு வாழைத்தடை நசுங்கிக் கிடந்தது. நாளைக்குள் எடுக்காவிட்டால் நாறும். எடுக்க வேண்டுமென்றால் விமானத்தைத் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு இடம் இல்லை.